அரைப் பவுன் துப்பாக்கி

கழுத்துக்கு ஒரு செயின் எடுக்கப் போனாலும் பில்லில் நம் கண் முதலில் தேடுவது இரண்டு வரிகளை: செய்கூலி, சேதாரம். பவுன் விலை காலையிலேயே பேப்பரில் வந்துவிடுகிறது; அதில் பேரம் இல்லை. பேரமெல்லாம் கைக்கும், கையிலிருந்து உதிரும் பொடிக்கும்தான். காரைக்கால் பாரதியார் சாலையில் ஒரு நகைக்கடை வாசலில் நின்று இந்த இரண்டு வரிகளையும் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், நெடுநாளாக நோட்டில் எழுதிவந்த ஒரு கணக்கு எனக்கே விளங்கியது. அது நகைக் கணக்கு அல்ல, துப்பாக்கிக் கணக்கு. பெரிய துப்பாக்கியும் அல்ல. உள்ளங்கைக்குள் அடங்கும் சக்கிமுக்கித் துப்பாக்கி.

உலோகத் தோட்டாவும் கேப்பும் வருவதற்கு முந்தைய துப்பாக்கி இது. குதிரை எனப்படும் சுத்தியலின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகட்டில் கல்லை உரசும். தகடு பின்னால் சாயும். அதன் அடியில் மூடிக் கிடந்த கிண்ணி திறக்கும். பொறி அதிலுள்ள வெடிமருந்தில் விழும். அந்த நெருப்பு ஒரு சிறு துளை வழியே குழலுக்குள் போகும். இந்த இயந்திரத் தொகுதி முழுவதையும் லாக் என்பார்கள். சுமார் 200 ஆண்டுகள் உலகின் பெரும்படைகள் இதை நம்பித்தான் சண்டைக்குப் போயின. இதை அரை அளவில், மூன்றில் ஒரு பங்கில், பத்தில் ஒரு பங்கில், அசலைப் போலவே வேலை செய்யும்படி செய்கிற கைவினைஞர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வழக்கம் புதியதல்ல. 1600-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் மிகேல் மான் என்ற உலோகக் கலைஞர் விரல் நீளக் கைத்துப்பாக்கிகளும், அவற்றுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த குட்டிப் பெட்டிகளும் செய்து பெயர் பெற்றார்.

காரைக்காலில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம் உண்டு. 1739 பிப்ரவரி 14 அன்று பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரைக் கையில் வாங்கினார்கள். அவர்கள் தோளில் ஏறி வந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. பிரான்சு தன் காலாட்படைக்கு ஒரே அளவுத் துப்பாக்கி என்று முதலில் வகுத்தது 1717-ல். பிறகு 1728, 1754, 1763, 1777 என்று மாதிரிகள் திருந்திக்கொண்டே வந்தன. குழலின் உள்விட்டம் மட்டும் 17.5 மில்லிமீட்டரிலேயே நின்றது. செய்யப்பட்ட ஊரின் பெயரால் இவற்றைப் பொதுவாக ஷார்ல்வில் துப்பாக்கி என்பார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் சொலுதாது என்று எழுதினாரே, அந்தப் பிரெஞ்சுச் சிப்பாய்கள் சுமந்த குடும்பத்துத் துப்பாக்கி இது. சொல்தா என்ற சொல் எங்கள் ஊரில் இன்றும் புழங்குகிறது. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களின் வீடு சொல்தா வீடு. துப்பாக்கிதான் ஊரில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த கோட்டையும் இல்லை.

கணக்குக்கு நான் எடுத்துக்கொள்வது 1777 மாதிரி. அளவுகள் தெளிவாகக் கிடைப்பது அதற்குத்தான். மொத்த நீளம் 152 சென்டிமீட்டர். அதில் குழல் மட்டும் சுமார் 113.6. எடை சுமார் 4.6 கிலோ. குண்டை எண்ணிக்கையில் சொல்வது அக்காலப் பிரெஞ்சு வழக்கம்: ஒரு லீவ்ர் ஈயத்துக்கு 20 குண்டு. லீவ்ர் என்பது 489.5 கிராம், ஆகவே ஒரு குண்டு 24.5 கிராம். ஈயத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால் விட்டம் 16 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது குண்டுக்கும் குழலுக்கும் இடையில் ஒன்றரை மில்லிமீட்டர் சும்மா கிடக்கிறது. அழுக்கேறிய குழலில் குண்டு சிக்காமல் இறங்க அந்த இடம் வேண்டும். குறி தவறுவதற்கும் அதுவே காரணம். ஒரு காகிதத் தோட்டாவுக்கு மருந்து 12.24 கிராம், லீவ்ரில் நாற்பதில் ஒரு பங்கு. பயிற்சி உள்ள சொல்தா நிமிடத்துக்கு 3 முறை சுடுவான்.

இந்த மூன்று முறை என்ற எண்தான் இந்தக் கடற்கரையின் வரலாற்றைத் திருப்பியது. 1746-ல் அடையாற்றங்கரையில் பரதி என்ற தளபதி சில நூறு பிரெஞ்சுக்காரர்களையும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களையும் வைத்துக்கொண்டு ஆற்காட்டு நவாப் மகன் மாபூஸ்கானின் சுமார் 10,000 பேர் கொண்ட படையைக் கலைத்தார். எதிர்ப்பக்கத்தில் இருந்த திரித் துப்பாக்கியை ஒருமுறை நிரப்பிச் சுடுவதற்குள் இந்தப் பக்கம் பல முறை சுட்டுவிட்டது.

அதே துப்பாக்கியின் கணக்கு 12 ஆண்டுகள் கழித்துக் காரைக்காலுக்குப் பக்கத்திலேயே உதைத்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி காரைக்காலிலிருந்து நாகூர், கீழ்வேளூர் வழியாகத் தஞ்சாவூர் மீது படை நடத்தினார். ஆகஸ்டில் தஞ்சைக் கோட்டைக்கு வெளியே அவர் படையிடம் மீதி இருந்தது ஆளுக்குச் சுமார் 20 தோட்டா. கடலில் ஆங்கிலேயக் கப்பற்படை ஆகஸ்ட் 3 அன்றுதான் நாகப்பட்டினத்துக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பல்களோடு மோதியிருந்தது. காரைக்காலுக்கே ஆபத்து என்று செய்தி வந்தது. முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

ஆளுக்கு 20 தோட்டா என்றால் என்ன? 1777 மாதிரியின் அளவில் போட்டுப் பார்க்கிறேன். ஈயம் 490 கிராம். மருந்து 245 கிராம். இரண்டும் சேர்ந்து முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நிமிடத்துக்கு 3 முறை சுட்டால் ஏழு நிமிடத்தில் பை காலி. கல்? ஆங்கிலேயப் படையில் 20 முறை சுடுவதற்கு ஒரு கல் என்பது வழங்கல் கணக்கு. ஆகவே தஞ்சாவூர் வாசலில் நின்ற ஒவ்வொரு சொலுதாதுவிடமும் மிச்சம் இருந்தது ஏறத்தாழ ஒரே ஒரு கல்லின் ஆயுள்.

அந்த இருபதிலும் எல்லாம் வெடித்திருக்காது. 1834-ல் இங்கிலாந்தின் வுலிச்சில் சக்கிமுக்கித் துப்பாக்கியையும் புதிதாக வந்த கேப்புத் துப்பாக்கியையும் தலைக்கு 6,000 முறை சுட்டுப் பார்த்தார்கள். கேப்பு 36 முறை ஏமாற்றியது. சக்கிமுக்கி ஏமாற்றியது 922 முறை. நூற்றுக்கு 15-க்கு மேல். இருபதில் மூன்று. இது முழு அளவுத் துப்பாக்கியின் கணக்கு, சோதனைத் திடலில் எடுத்தது. இந்த 922 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு சிறிய துப்பாக்கிக்குப் போவோம்.

நீளத்தைப் பாதியாக்கினால் எடை பாதியாகாது. எட்டில் ஒரு பங்காகும். நீளம், அகலம், கனம் மூன்றும் சேர்ந்து குறைவதால் இப்படி. 1777 மாதிரியைச் சுருக்கினால் வருவது இது:

முழு அளவு: நீளம் 152 செ.மீ., குழல் வாய் 17.5 மி.மீ., எடை 4,600 கிராம், குண்டு 24.5 கிராம்.
இரண்டில் ஒன்று: நீளம் 76 செ.மீ., வாய் 8.75 மி.மீ., எடை 575 கிராம், குண்டு 3.06 கிராம்.
மூன்றில் ஒன்று: நீளம் 50.7 செ.மீ., வாய் 5.8 மி.மீ., எடை 170 கிராம், குண்டு 0.91 கிராம்.
நான்கில் ஒன்று: நீளம் 38 செ.மீ., வாய் 4.4 மி.மீ., எடை 72 கிராம், குண்டு 0.38 கிராம்.
பத்தில் ஒன்று: நீளம் 15.2 செ.மீ., வாய் 1.75 மி.மீ., எடை 4.6 கிராம், குண்டு 0.0245 கிராம்.

கிராமை நம் வீட்டு அளவுக்கு மாற்றினால்தான் இது கண்ணுக்குத் தெரியும். பவுன் 8 கிராம். மூன்றில் ஒன்று அளவுத் துப்பாக்கி 21 பவுன். ஒரு கல்யாணச் சீர். பத்தில் ஒன்று அளவு 4.6 கிராம், அரைப் பவுனுக்குச் சற்று மேல், குழந்தை மோதிரம் இரண்டு செய்யலாம். அதன் குண்டு ஒரு குன்றிமணியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்தர் பட்டறையில் பழைய குன்றிமணித் தராசு இருந்தாலும் இதை நிறுக்க முடியாது. கீழே விழுந்தால் தேடவும் முடியாது.

தங்கத்தில் செய்தாலன்றி இதில் உலோகத்துக்கு விலையே இல்லை. இரும்பு, கொஞ்சம் பித்தளை, ஒரு துண்டு மரம், ஒரு கல். ஆனால் வேலை? லாக்கில் மட்டும் சுமார் 20 உறுப்புகள்: அடித்தகடு, குதிரை, கல்லை அழுத்தும் மேல் தாடை, அதன் திருகு, உரசு தகடு, கிண்ணி, உள்ளே சுழலும் பல் உருளை, அதைப் பிடித்து நிறுத்தும் நெம்பு, மூன்று வில்கள், இவற்றையெல்லாம் பிடிக்கும் திருகுகள். முழுத் துப்பாக்கியிலும் 20. அரைப் பவுன் துப்பாக்கியிலும் அதே 20. எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிட்டது. உறுப்புகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. பெரியதில் 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு திருகு இங்கே அரை மில்லிமீட்டர். அதற்கு மரை வெட்ட வேண்டும், தலையில் கோடு இழுக்க வேண்டும், அந்தக் கோட்டில் நிற்கும் திருப்புளியையும் தானே செய்துகொள்ள வேண்டும்.

பிழையின் கணக்கு இன்னும் கடுமை. தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். முழு அளவுத் துப்பாக்கியின் நெம்பில் ஒரு முடியளவு அதிகமாக ராவிவிட்டால் யாருக்கும் தெரியாது. பத்தில் ஒன்று அளவில் அதே முடி, பெரியதில் 0.7 மில்லிமீட்டர் பிசகியதற்குச் சமம். நெம்பு பல்லில் நிற்காது, குதிரை தானாக விழும். கை அதே கை, அரம் அதே அரம். பிழையின் எடை மட்டும் பத்து மடங்கு.

மரமும் சுருங்க மறுக்கிறது. அசலுக்கு வால்நட் மரம் போட்டார்கள். நம் ஊர்த் தேக்கில் செய்து பார்க்கலாம் என்று யாருக்கும் முதலில் தோன்றும். தேக்கின் நாளங்கள் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை அகலம். மேசையில் அது அழகு. பத்தில் ஒன்று அளவுக் கட்டையில் அதே நாளம், அசலில் 2, 3 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். பார்த்த உடனே இது பொம்மை என்று சொல்லிவிடும். அதனால்தான் இந்த வேலை செய்கிறவர்கள் நெருக்கமான மரத்தைத் தேடுகிறார்கள். நம்மிடம் கருங்காலி இருக்கிறது.

இனி வில். இந்தக் கைவினையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் இங்கே நம் கொல்லுப்பட்டறை நேராக உள்ளே வருகிறது. அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுகிற ஆசாரிக்கு வெப்பமானி வேண்டாம், நிறம் போதும். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்த எஃகு கண்ணாடி போல உடையும். அதைத் துடைத்து மெல்லச் சூடுகாட்டினால் முதலில் வைக்கோல் நிறம் ஏறும். அது 230 டிகிரி செல்சியசுக்கு அருகில். பிறகு செம்பழுப்பு. 300-ஐ நெருங்கும்போது மயில்கழுத்து நீலம். வில்லுக்கு வேண்டிய பதம் அந்த நீலத்தில் இருக்கிறது. அரிவாள் கனமானது, நிறம் நிதானமாக நகரும், ஆசாரி பார்த்துக்கொண்டே இருக்கலாம். பத்தில் ஒன்று அளவு வில்லின் கனம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராத இடங்கள் உண்டு. எடையோடு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு பத்து மடங்கு. சூடும் உடனே ஏறும், உடனே இறங்கும். வைக்கோலிலிருந்து நீலம் தாண்டிச் சாம்பல் நிறம் போக ஒரு மூச்சு போதும். உலையிலிருந்து தண்ணீருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ஆறிவிடும் என்பதால் தோய்ச்சலே பிடிக்காமல் போவதும் உண்டு. ஒரு நல்ல வில்லுக்கு எத்தனை வில் உடைந்தது என்பது எந்தப் பில்லிலும் வராத சேதாரம்.

இவ்வளவும் கைத்திறன் வென்றுவிடக்கூடிய தடைகள். கடைசித் தடை அப்படி அல்ல. நெருப்புக்கு அளவு குறைப்பு தெரியாது.

கல் எஃகைச் சீவும்போது பறக்கும் துணுக்கு காற்றில் எரிவதுதான் பொறி. மருந்தைப் பற்றவைக்க அந்தத் துணுக்கில் போதிய சூடு இருந்தாக வேண்டும். அதைப் பத்தில் ஒன்றாகச் சிறிதாக்கினால் கிண்ணியில் விழுமுன்னே அணைந்துவிடும். மருந்தின் மணிகளும் துப்பாக்கிக்குத் தக்கபடி சுருங்கிக் கொள்வதில்லை. வில்லில் அடங்கும் சக்தியோ எடையோடு சேர்ந்து குறைகிறது: அரை அளவில் எட்டில் ஒன்று, மூன்றில் ஒன்று அளவில் 27-ல் ஒன்று, பத்தில் ஒன்று அளவில் ஆயிரத்தில் ஒன்று. ஆயிரத்தில் ஒரு பங்கு சக்தியைக் கொண்டு அதே சூட்டில் பொறி பறக்கவைக்க வேண்டும். முழு அளவிலேயே 6,000-க்கு 922 முறை ஏமாற்றிய பொறிமுறை இது. அதனால் சுடக்கூடிய குட்டித் துப்பாக்கி செய்கிறவர்களில் பலர் மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று என்ற பக்கமே நிற்கிறார்கள். பத்தில் ஒன்று அளவில் லாக் சுண்டினாலே, ஒரு பொறி கண்ணில் பட்டாலே, அதைச் செய்த கைக்கு நான் எழுந்து நிற்பேன்.

உலகின் மிகச் சிறிய வேலை செய்யும் ரிவால்வர் என்று கின்னஸ் ஏற்றுக்கொண்டது சுவிட்சர்லாந்தில் செய்யப்படும் ஒன்று. நீளம் 5.5 சென்டிமீட்டர், எடை 19.8 கிராம், இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. குண்டின் விட்டம் 2.34 மில்லிமீட்டர். அசாத்தியமான வேலை. ஆனால் அதன் தோட்டாவுக்குள்ளேயே நெருப்பு அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கல்லும் எஃகும் காற்றும் ஒத்துழைக்க வேண்டும் என்ற கவலை அதைச் செய்தவருக்கு இல்லை. சக்கிமுக்கியைச் சிறிதாக்குகிறவரின் தலைவலி வேறு இனம்.

இனி கூலி. முழு அளவுத் துப்பாக்கியிலேயே விலை என்பது கைதான் என்பதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. 1798 ஜூனில் ஈலை விட்னி என்பவர் ஷார்ல்வில் மாதிரியைப் பார்த்துச் செய்த 10,000 துப்பாக்கிகளை 1,34,000 டாலருக்குத் தருவதாக அரசோடு ஒப்பந்தம் போட்டார். ஒன்று 13 டாலர் 40 சென்ட். இரண்டு ஆண்டு சொச்சத்தில் முடிக்க வேண்டிய வேலை. கடைசித் துப்பாக்கி போய்ச் சேர்ந்தது 1809 ஜனவரியில். தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம், லாக்கின் உறுப்புகளை ஒரே அளவில் ராவி எடுக்கும் கையும் கருவியும் அமைய நாளானது. அதற்கு முன்பே பிரான்சில் ஒனோரே பிளான் என்ற துப்பாக்கித் தொழிலாளர் இந்த முடிச்சில் கைவைத்திருந்தார். 1785-ல் அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த ஜெபர்சன் அவருடைய பட்டறைக்குப் போனபோது 50 லாக்குகளின் உறுப்புகள் பிரித்துப் பெட்டிகளில் போடப்பட்டிருந்தன. 50 லாக், தலைக்கு 20 உறுப்பு என்றால் ஆயிரம் துண்டு. ஜெபர்சன் கைக்கு வந்ததை எடுத்துச் சில லாக்குகளைத் தானே பூட்டிப் பார்த்தார், பொருந்தின. ஓர் உறுப்பு எந்த லாக்கிலும் பொருந்தும் என்பது அன்றைக்கு அமெரிக்கத் தூதர் கடிதம் எழுதுமளவுக்கு அதிசயம். மற்றெல்லா லாக்கும் அதற்கென்றே ராவிய உறுப்பையே ஏற்கும். பக்கத்துத் துப்பாக்கியின் குதிரை இதில் உட்காராது. சிறிய துப்பாக்கி செய்கிறவர் இன்றும் அந்தப் பழைய உலகத்தில்தான் வாழ்கிறார்.

நம் பக்கத்து ரூபாயில் ஒரு மதிப்பீடு போட்டிருக்கிறேன். மூன்றில் ஒன்று அளவு; அடைத்த குழல், அதன் காரணம் பின்னால் வரும். ஆசாரியின் நாள் கூலி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாட்கள் என் ஊகம். யாராவது செய்து பார்த்துத் திருத்தினால் மகிழ்வேன்.

லாக், 20 உறுப்பு, தலைக்கு 2 நாள்: 40 நாள், 40,000 ரூபாய்.
குழலின் புறவடிவமும் மூன்று கட்டுவளையங்களும்: 8 நாள், 8,000.
கட்டை: 14 நாள், 14,000.
கட்டையின் பின்தகடு, விசைக்காப்பு, சில்லறை உறுப்புகள், திருகுகள்: 16 நாள், 16,000.
பூட்டுதல், மெருகு, கெட்டுப்போனதைத் திரும்பச் செய்தல்: 12 நாள், 12,000.
எஃகு 1 கிலோ, பித்தளை 50 கிராம், கருங்காலித் துண்டு: 335 ரூபாய்.
தேயும் அரங்கள், மரைவெட்டிகள்: 2,500.

கூட்டினால் 92,835 ரூபாய். அதில் செய்கூலி 90,000. துப்பாக்கிக்குள் தங்கிப்போகும் பொருளின் விலை நூற்றுக்கு அரை ரூபாய்கூட இல்லை. சேதாரத்தையும் பாருங்கள்: முடிந்த துப்பாக்கியில் உலோகம் 110 கிராம் இருக்கலாம், வாங்கியது 1,050 கிராம். ஆக 940 கிராம் பொடியாகப் பட்டறைத் தரையில் கிடக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு. நகைக்கடைக்காரர் இப்படி ஒரு சேதாரம் போட்டால் கடையை மூட வேண்டியதுதான். தங்கப் பத்தர் பட்டறைத் தூசியைக் கூட்டிக் கழுவி எடுத்துக்கொள்வார்; இரும்புப் பொடியை யாரும் கழுவுவதில்லை. 90 நாளைக்கு ஒரு மனிதன் தன் கண்ணைக் கொடுத்து வாங்குவது 170 கிராம் எடையுள்ள ஒரு பொருள். வாங்க வருகிறவர் இதைப் பார்த்து இவ்வளவு சின்னதுக்கா இவ்வளவு விலை என்று கேட்பார். சின்னது என்பதால்தான் இவ்வளவு விலை.

பெரியதன் கணக்கு தஞ்சாவூரில் இருக்கிறது. பீரங்கிமேட்டில் இன்றும் கிடக்கும் ராஜகோபால பீரங்கி ஏறத்தாழ 22 டன். ஏழரை மீட்டர் நீளம். ரகுநாத நாயக்கர் காலத்தது. வார்த்ததல்ல, 43 நீளப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, மேலே 94 வளையங்களைக் காய்ச்சி இறக்கி, அடித்து இணைத்தது. அந்த இரும்பில் எடைக்கு எடை 1777 மாதிரித் துப்பாக்கி சுமார் 4,780 அடங்கும். அரைப் பவுன் துப்பாக்கி 47 லட்சத்து 80 ஆயிரம். காவிரிக் கழிமுகத்து இரும்பு ஆசாரிகளின் கை எங்கே வரை போகும் என்பதற்கு ஒரு முனை அந்த மேட்டில் நிற்கிறது. மறுமுனை, சிறியதின் முனை, நம்மிடம் நிற்கவில்லை. தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலை, மராட்டிய அரசு முடிந்த பிறகு, 1860-களில் கலைக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்துக்கென்று சிலவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். எழும்பூரில் இன்று நாம் பார்ப்பவை அவற்றில் சில. மீதியில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக எடை போட்டு விற்றார்கள். செய்கூலி முழுவதையும் தள்ளிவிட்டு உலோகத்துக்கு மட்டும் விலை கட்டிய கணக்கு அது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எத்தனை ஆசாரிகளின் எத்தனை ஆயிரம் நாட்கள் ஒரே தராசுத் தட்டில் இரும்பு விலைக்குப் போயின!

அதனால்தான் காரைக்காலுக்கென்று ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கி, சிறிய அளவிலாவது, இங்கேயே ஒரு கையால் செய்யப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நாச்சியார்கோவிலில் பித்தளை வார்க்கும் கையும், சுவாமிமலையில் மெழுகில் விரல் நகம் செதுக்கும் கையும், எங்கள் ஊர்ப் பத்தர் பட்டறையில் கொக்கிக்குள் கொக்கி மாட்டும் கையும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. லாக் என்பதை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான் குறை.

ஆனால் அது சுடக் கூடாது. இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியை அளவால் வரையறுப்பதில்லை. வெடிமருந்தின் விசையால் எதையாவது எறியும்படி அமைத்தது துப்பாக்கி. 152 சென்டிமீட்டர் ஆனாலும் 15 ஆனாலும் ஒன்றே. குன்றிமணியில் ஐந்தில் ஒரு பங்கு குண்டுக்கு என்று தனிச் சலுகை கிடையாது. பயன்படுத்தவே முடியாதபடி பழுதான பழங்கால ஆயுதத்துக்கு 45-ம் பிரிவில் விலக்கு உண்டு. புதிதாகச் செய்வதற்கு இல்லை. உரிமம் இல்லாமல் செய்வது 5-ம் பிரிவின்படி குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரையிலும் போகலாம். சுவிட்சர்லாந்தின் 19.8 கிராம் ரிவால்வரைக்கூட அமெரிக்கா உள்ளே விடவில்லை, குழல் குட்டை என்று சொல்லி. இரண்டரைப் பவுன் எடைக்கு அவ்வளவு கவனம் என்றால், இந்தியாவில் ஓர் ஆசாரி தன் திறமையைக் காட்டப்போய்க் கோர்ட்டில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சுடாத மாதிரியைத் தொடங்குவதற்கும் முன்னால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மனுவுக்கு ஆகும் செலவையும் நாளையும் என் மதிப்பீட்டில் சேர்க்கவில்லை.

சுடாவிட்டால் அது வேலை செய்யும் துப்பாக்கியா என்று ஒரு நண்பர் கேட்டார். எங்கள் ஊர் உப்புக்காற்றில், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில், அசலே எத்தனை முறை சுட்டிருக்கும் என்று அவரிடம் திருப்பிக் கேட்டேன். வேலை என்பது லாக்கில் இருக்கிறது. குதிரையைப் பாதி இழுத்தால் ஒரு சுண்டல், முழுக்க இழுத்தால் இன்னொன்று. இரண்டு சத்தமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். விசையைத் தொட்டதும் தயங்காமல் விழ வேண்டும். உரசு தகடு தலை சாய்ந்து கிண்ணியைத் திறக்க வேண்டும். கல் இருக்கும் இடத்தில் ஒரு சிறு மரத்துண்டு வைத்தாலும் போதும். அந்த மூன்று அசைவும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் 90 நாள் கூலி சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று எழுதிக்கொள்வேன்.

குழலை முழுக் கம்பியாகவே விட்டுவிடலாம். வாயில் மட்டும் நகக்கண் ஆழத்துக்கு ஒரு குழி, கண்ணுக்காக. 38 சென்டிமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் துளை இறக்குவது இந்த வேலையிலேயே கடினமான சில நாட்களைத் தின்னும். மதிப்பீட்டு நோட்டில் அந்த வரியையும் எழுதி வைத்திருக்கிறேன். துளை போடும் கூலி: 0 நாள், 0 ரூபாய்.